தர்ம வண்டி

சூசைபாளையம் பங்கில் ஞானசௌந்தரியின் கூடைக்குத் தப்பிய அடுப்பு கிடையாது. சனிக்கிழமையானால் வெயில் ஏறுவதற்குள் இடுப்பில் கூடையும் தலையில் முக்காடுமாகத் தெருவில் இறங்கிவிடுவாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து அடுப்போரத்துச் சட்டியில் போட்டுவைக்க வேண்டும் என்பது அந்தப் பங்கின் வழக்கம். மாதா சட்டி என்று அதற்குப் பெயர். அரிசி வடிக்காத வீட்டில் கேழ்வரகு. வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஞானசௌந்தரி வந்து கூடையில் கவிழ்த்துக்கொண்டு போவாள். "இந்த வாரம் மறந்துட்டேன்கா" என்று எவளாவது இழுத்தால், "துன்ன மறந்தியா? அது மட்டும் நெனப்புல இருந்துச்சா?" என்பாள். வாய் அப்படி. அதனால்தான் அந்த வேலையை மாதா கோயில் சாமியார் அவளிடம் கொடுத்தார்.

தர்ம வண்டி வந்தது அந்தப் பிடியரிசியில்தான். அதற்கு முன்னால் ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கட்டிலில் போட்டு நாலு பேர் தோள் கொடுத்துத்தான் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒன்பது மைல். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததே இல்லை. மூன்று வருஷம் அரிசி சேர்த்து விற்று, புங்கனூர்ப் பக்கத்துத் தச்சனிடம் சொல்லி, நல்ல கூண்டு வண்டியாகச் செய்துகொண்டு வந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். பக்கவாட்டுப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் 'தர்ம வண்டி' என்று எழுதினார்கள். அன்று ஞானசௌந்தரி அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ஆரக்கால் ஒவ்வொண்ணும் எத்தினி சட்டி தெரியுமா?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

வண்டி சரி, மாடு? அதற்குக் கோயில் பெரியதனக்காரர் தைரியநாதர் முன்வந்தார். பங்கில் சாமியாருக்கு அடுத்தபடி அவர்; ஊருக்கு அவர் பெத்தையா. கரும்புத் தோட்டமும் ஆலையும் அவருடையவை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் கூலி. மாடு என்னுடையது, கொட்டகை என்னுடையது, ஆள் படுத்தால் ஒரு குரல் கொடுங்கள் என்றார். சாமியார் அவருக்காகத் தனியாக ஒரு ஜெபம் சொன்னார். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள், சும்மா நிற்கிற வண்டிதானே என்று பத்துக் கூடை வெல்லம் ஏற்றிப் போனது. ஊர் பார்த்தது, பேசவில்லை. அடுத்த வருஷம் ஆள் ஏறியதைவிட வெல்லம் ஏறியதுதான் அதிகம்.

ஞானசௌந்தரியின் ஒரே மகள் லூர்தம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரேணிகுண்டாவில் ரயில்வே கூலிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு மறு வருஷம், தை மாதம், ரதசப்தமிக்கு முதல் நாள் காலையில் வலி எடுத்தது. ரதசப்தமிக்குத் திருப்பதியில் கூட்டம் அலைமோதும், வெல்லம் விலை எகிறும். மருத்துவச்சி ரத்தினம்மா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"அய்யோ தேவுடா, கொயந்த குறுக்கால கீது. என் கையில இல்லமா. வண்டி கட்டு, சித்தூருக்கு ஓடு."

ஞானசௌந்தரி முக்காடு விழுந்தது தெரியாமல் ஓடினாள். கொட்டகை காலியாக இருந்தது. சாணமும் வைக்கோலும் ஒழுகிக் காய்ந்த பாகும் கிடந்தன. தைரியநாதர் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்க பெத்தையா?"

"இல்லியேமா. நாளன்னிக்கி வந்துடும்."

அந்த வண்டியில் விடியற்காலையில் இருபது கூடை வெல்லத்தை ஏற்றிவிட்டது ஞானசௌந்தரியின் புருஷன் ராயப்பன். அவர் ஆலையில் பாகு காய்ச்சுகிறவன் அவன்தான். பதம் பார்க்க அவனை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. வீட்டில் மகளுக்கு வலி கண்டது அவனுக்குத் தெரியாது. கூடை ஏற்றி முடித்துக் கயிறு இறுக்கிக் கட்டியதும் அவன்தான்.

கட்டிலில் தூக்கிப் போனார்கள். எதிரே திருப்பதிக்கு நடக்கிற ஜனங்கள் மஞ்சள் துணியும் கோவிந்தா சத்தமுமாக வந்துகொண்டே இருந்தார்கள். கட்டிலைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரத்தடியில் இறக்கிவைத்தபோது லூர்தம்மா, "அம்மா, தண்ணி" என்றாள். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். குழந்தை வெளியே வரவே இல்லை.

மூன்றாம் நாள் தைரியநாதர் துக்கம் கேட்க வந்தார். வெள்ளைக் கோடி ஒன்று போட்டார். தேவ சித்தம் என்றார். அதுகூடப் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது, "பொம்பளைங்க நேரத்துக்கு வந்து சொல்லணும். வலிய வெச்சிக்கினு குந்திக்கினு இருந்துட்டா வண்டி இன்னா பண்ணும்?" என்று சொன்னார். சாமியாரிடமும் அதையே சொன்னார். சாமியார் வெள்ளைக்காரர், நல்லவர். நம்பிவிட்டார்.

அந்த வார்த்தை ஞானசௌந்தரியின் நெஞ்சில் ஈயமாக இறங்கியது. மகள் செத்ததற்குக் கடவுளைக்கூட அவள் கேள்வி கேட்கவில்லை. பழியைத் தாயின் தலையில் வைத்தானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. வண்டி அன்று எங்கே போனது என்பதை அவன் வாயாலேயே பங்கு முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பெயர் சொல்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

"சாமி, ஒருத்தர் மேல எனக்கு வர்மம் கீது."

"நீ அந்த மனிதனை மன்னிக்க வேண்டும், மகளே."

"முடியாது சாமி."

"மன்னிக்காமல் நன்மை வாங்கக் கூடாது."

"அப்ப வேணாம் சாமி" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து பூசையில் எல்லாரும் முழங்காலிட்டு நாக்கில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது அவள் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் முழுக்க. சனிக்கிழமை கூடை மட்டும் நிற்கவில்லை.

மறு மார்கழியில் ஆலை ஓடத் தொடங்கியது. மாடுகள் சுற்றச் சுற்ற இரும்பு உருளைக்குள் கரும்பு நுழைந்து சக்கையாய் வெளியே வந்தது. ராயப்பன் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, வெண்டைத் தண்டு நசுக்கிய தண்ணீரை ஊற்றி அழுக்கை நுரையோடு வழித்து எறிந்துகொண்டிருந்தான். பனியிலும் அவன் முதுகு வேர்த்திருந்தது. மத்தியானக் களி எடுத்துக்கொண்டு வந்த ஞானசௌந்தரி சக்கைக் குவியலில் உட்கார்ந்தாள்.

"இந்த வருசமும் கோயில் வெல்லம் நீதான் காய்ச்சப் போறியா?"

"வேற யாரு காய்ச்சுவா? மொத கொப்பரை கோயிலுக்குத்தான்னு பெத்தையா சொல்லிட்டாரு. ரெண்டு மணங்கு, ஒரே கட்டியா."

"எதுக்காம் இந்த வருசம் ஏலப் பணம்?"

ராயப்பன் கரண்டியை நிறுத்தினான். சொல்லத் தயங்கினான். "தர்ம வண்டிக்குப் புது ஜோடி மாடு வாங்கறதாம்."

அவள் சிரித்தாள். பதினோரு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான். பார்க்க நன்றாக இல்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அறுப்புத் திருநாள். வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் வாசலிலேயே ஏலம். மூன்றணாப் பூசணிக்காய் மூன்று ரூபாய்க்குப் போகும், ஏனென்றால் கொடுத்தவனுக்கு அது மரியாதை. கொடுத்தவனோ அவன் வீட்டாரோ தங்கள் பொருளைத் தாங்களே கேட்கக் கூடாது. யாரும் கேட்காமல் போனால் மாதா ஏற்கவில்லை என்று அர்த்தம். கொடுத்தவனே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் வீட்டுக்குப் போக வேண்டும். பெரியதனக்காரர் வீட்டு வெல்லம் எப்போதும் கடைசியில்தான் ஏலத்துக்கு வரும். அவரிடம் கூலிக்கு நிற்கிறவர்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள். எடுத்தவன் வீட்டுக்கு அவரே தர்ம வண்டியைக் கட்டி மேளத்தோடு கொண்டுபோய் இறக்குவார். அது அவர் வைத்த வழக்கம். பெரியதனம் என்று ஒருவன் இருக்கிறவரை முதல் வெல்லம் கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

"இந்த வருசம் அதை ஒருத்தரும் கேக்கக் கூடாதுயா" என்றாள் ஞானசௌந்தரி.

"உனக்கு இன்னா பைத்தியமாமே? வாய மூடு, பெத்தையா காதுல வியப் போவுது."

"வியட்டும்."

"எனக்கு வேல போயிடும். துன்றதுக்கு இன்னா பண்ணுவ?"

"பதினோரு மாசமா நான் துன்றேன்னு நெனச்சிக்கினு கீறியா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் உன்ன ஒரு வார்த்த கேக்கல. அந்த இருபது கூடைய ஏத்தனவன் யாருன்னு ஒரு நாளாச்சும் கேட்டனா?"

ராயப்பன் கொப்பரைப் பக்கம் திரும்பினான். பாகு பொங்கி விளிம்புக்கு வந்தது. ஒரு துளி ஆமணக்கெண்ணெய் விட்டான், அடங்கியது. "களிய வெச்சிட்டுப் போ" என்றான்.

அடுத்த நாலு சனிக்கிழமையும் அவள் கூடையோடு போனாள். சட்டியைக் கூடையில் கவிழ்த்த பிறகு அடுப்படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்தாள். வண்டியோட்டி சின்னப்பன் பெண்சாதி வியாகுலம்மா வீட்டில் முதல் சனிக்கிழமை காலைக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு பிடி கூட வேணும் வியாகுலம்."

"சட்டியே காலி ஆயிடுச்சேக்கா."

"அரிசி இல்லடி. ஏலத்தன்னிக்கி பெத்தையா வெல்லம் வரும்போது உன் புருசன் வாயத் தொறக்கக் கூடாது. அதான் அந்தப் பிடி."

வியாகுலம்மா அடுப்பைப் பார்த்தாள். "அன்னிக்கி வண்டிய ஓட்டினது அவருதான்க்கா. திரும்பி வந்து ரெண்டு நாளு சோறு எறங்கல. பெத்தையா சொன்னா ஓட்டாம இருக்க முடியுமா?"

"ஓட்டினான், சரி. இப்ப வாய மூடிக்கினு இருக்கச் சொல்லு. அது கஷ்டமா?"

"வேல போச்சுன்னா?"

"ஊருல எல்லாருக்கும் போனா கரும்ப யாரு வெட்டுவா? அவரா? மத்த சாமானுக்கெல்லாம் ஒரு அணா கூடவே கேக்கச் சொல்லு. தர்மத்துக்குக் குறை வெக்கக் கூடாது. வெல்லத்துக்கு மட்டும்."

வியாகுலம்மா வெறும் கையைப் பிடியாக மூடி, கூடையின் மேல் கொண்டுவந்து, திறந்தாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்படி வீட்டுக்கு வீடு வாங்கினாள். சில வீட்டில் கெஞ்சினாள், சில வீட்டில் திட்டினாள். "அடுத்த வருசம் உன் பொண்ணுக்கு மாசம் ஆவும்டி, அப்ப வண்டி எங்க இருக்கும்?" என்று கேட்ட வீட்டில் மறுபேச்சு இல்லை. கடைசியாக ஒரு சனிக்கிழமை பெரியதனக்காரர் வீட்டுப் புழக்கடைக்கும் வழக்கம்போல் போனாள். அவர் பெண்சாதி மதலேனம்மா நாலு படி அரிசியை அளந்து கொட்டினாள். அவளிடம் ஞானசௌந்தரி எதுவும் கேட்கவில்லை. கேட்பது நியாயமும் இல்லை. திரும்பி நடக்கும்போது மதலேனம்மாவே கூப்பிட்டாள்.

"ஞானம், ஊரெல்லாம் வேற என்னமோ வாங்கறியாமே. என்கிட்ட கேக்கலியே."

ஞானசௌந்தரி கூடையோடு அப்படியே நின்றாள்.

"நானும் ரெண்டு பொண்ண பெத்தவதான்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறுப்புத் திருநாளன்று வெயில் இதமாக இருந்தது. கோயில் வாசலில் கரும்புக் கட்டு, வேர்க்கடலை மூட்டை, சேவல், பரங்கிக்காய், ஒரு கிழவி கொண்டுவந்த ஒற்றை முட்டை என்று குவிந்திருந்தது. கோயில்பிள்ளை இன்னாசிதான் ஏலம் கூறுகிறவன். தொண்டை கோயில் மணிக்குச் சமம். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளும் விலை ஏற ஏறக் குழந்தைபோல் கைதட்டினார். அந்த வருஷம் என்னவோ எல்லாம் தாறுமாறாக ஏறியது. முட்டை ஒண்ணேகால் ரூபாய்க்குப் போனது. தைரியநாதருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முட்டையே இந்த விலை என்றால் வெல்லம் எங்கே போகும் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. பட்டுக்கரை அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார்.

வெல்லத்தை இரண்டு பேர் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். பொன்னிறம், ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ராயப்பன் கை அப்படி.

"பெரியதனக்காரர் வூட்டு மொத வெல்லம்! ரெண்டு மணங்கு! தர்ம வண்டிக்கு மாடு வாங்க! யாருப்பா கேக்கறது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னாசி மறுபடியும் கூவினான். சேவல் ஒன்று கூவியது, அவ்வளவுதான். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் முக்காடுகள் அசையவில்லை. தைரியநாதர் முதலில் சிரித்தார். "இன்னாப்பா, வெட்கமா? சின்னப்பா, கேளேன்" என்றார். சின்னப்பன் காது கேட்காதவன்போல் தன் காலில் இருந்த முள்ளைத் தேடினான். அடுத்து ஒருவனைப் பார்த்தார், அவன் இருமினான். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"ராயப்பா! நீ காய்ச்சின வெல்லம்டா. நீ கேளு!"

ராயப்பன் எழுந்து நின்றான். ஞானசௌந்தரி அவனையே பார்த்தாள். அந்த மனிதன் வாழ்நாளில் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"நேத்து பாகு பட்டு நாக்கு வெந்துபோச்சுங்க பெத்தையா" என்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். தைரியநாதர் தன் பெண்சாதி இருந்த பக்கம் திரும்பினார். அவள் முக்காட்டை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. முகம் சாம்பலாகியது. பட்டுக்கரை அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றி இரண்டு மணங்கு வெல்லத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடப்பதை அவர் அந்தக் கணமே கண்ணால் கண்டுவிட்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." இன்னாசியின் மணித்தொண்டை கம்மியது.

"காலணா" என்றாள் ஞானசௌந்தரி.

எல்லாரும் திரும்பினார்கள். தைரியநாதர் ஒரு மூச்சு விட்டார், பிழைத்தோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. வேறு யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. மூன்று தரமும் சொல்லி இன்னாசி மணியை அடித்தான்.

"யாரு பேருக்குக்கா எழுதறது?"

"என் மவ லூர்தம்மா பேருக்கு. கூட ஒரு கொயந்த. அதுக்குப் பேரு வெக்கல." முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காலணாவை மேசையில் வைத்தாள். பிறகு தைரியநாதருக்கு நேராக வந்து நின்றாள். "ரெண்டு மணங்கு என்னால தூக்க முடியாது. வழக்கப்படி வண்டி கட்டுங்க பெத்தையா."

அவருக்கு அவமானத்தில் புத்தி பேதலித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

"காலணா வெல்லத்துக்குத் தர்ம வண்டியா?" என்று கத்தினார். "அது நோயாளிங்க போற வண்டிமே!"

"ஓஹோ" என்றாள் ஞானசௌந்தரி. "நோயாளி வண்டியா? அப்ப போன ரதசப்தமிக்கி மொத நாளு அது எங்க போச்சு? எந்த நோயாளி ஏறனான் அதுல? நீங்களே சொல்லுங்க, சாமி கேக்கட்டும்."

சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்கு இந்த ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் எழுந்து நின்ற விதத்தில் மீதிப் பாதியும் புரிந்துவிட்டது தெரிந்தது.

"தைரியநாதரே, வண்டி அன்று எங்கே போயிற்று?"

"சாமி, அது..."

"எங்கே?"

"திருப்பதிக்கி."

"எதை ஏற்றிக்கொண்டு?"

தைரியநாதர் கூட்டத்தைப் பார்த்தார். தன் உப்பைத் தின்றவர்கள் என்று நினைத்திருந்த முகங்களில் ஒன்றும் அவருக்கு ஒத்தாசைக்கு வரவில்லை. ஏற்றியவனும் ஓட்டியவனும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வெல்லம்" என்றார். ஈனசுரத்தில் வந்தது.

"கேக்கல" என்றாள் ஞானசௌந்தரி.

"வெல்லம்! வெல்லம் ஏத்திக்கினு போச்சு!"

"நான் நேரத்துக்கு வந்து கேட்டனா, இல்லியா?"

"கேட்ட."

ஞானசௌந்தரி ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள். "வண்டிய கட்டுங்க" என்றாள்.

சின்னப்பன் எழுந்திருக்கவில்லை. பெரியதனக்காரரே கொட்டகைக்குப் போய், தானே நுகத்தடி பூட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். மாடுகளுக்கு அவர் கை புதிது, மிரண்டன. வெல்லத்தை ஏற்றினார்கள். வீட்டுப் பக்கம் திருப்பப் போனவரை அவள் தடுத்து, கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டச் சொன்னாள். மேளம் இல்லை. ஊர் பின்னால் நடந்தது, சாமியாரும் நடந்தார்.

மகளின் குழிமேட்டில் போன மழைக்கு முளைத்த அறுகு பரவிக் கிடந்தது. வெல்லத்தை இறக்கச் சொன்னாள். உதவிக்குப் போன இருவரை அவள் பார்த்த பார்வையில் அவர்கள் பின்வாங்கினார்கள். தைரியநாதர் தனியாகத் தம் கட்டி, மார்போடு அணைத்துத் தூக்கி, தள்ளாடி, சிலுவைக்கு முன்னால் வைத்தார். அங்கவஸ்திரம் முழுக்கப் பிசுபிசுப்பு. மூச்சிரைக்க நிமிர்ந்தார். எறும்புகளுக்கு அதற்குள் சேதி போய்விட்டது.

சாமியார் முன்னால் வந்து, இனி வண்டி கோயில் வளவிலேயே நிற்கும் என்றார். பிறகு ஞானசௌந்தரியிடம் மெதுவாக, "உண்மையைச் சொல்லிவிட்டார், மகளே. இப்பொழுதாவது மன்னித்துவிடு. அடுத்த ஞாயிறு நன்மை வாங்கு" என்றார்.

தைரியநாதர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆச்சா? இன்னும் இன்னாமே வேணும் உனக்கு?"

ஞானசௌந்தரி முந்தானையை எடுத்து வெறும் முடிச்சை மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்த தைக்கும் மொத வெல்லம் கொண்டாங்க பெத்தையா. அதுக்குள்ள இன்னொரு காலணா சேத்துடுவேன்."